தனித்தனி நிலங்கள் ஏன் ஒரே நாடாகின்றன?

வாசகர் கேள்வி, 2024 செப்டம்பர் 7

மொழியாலும் இனத்தாலும் வழிபாட்டாலும் வேறுபட்ட பகுதிகள் தாமாகவே சேர்ந்து ஒரு நாட்டை அமைத்துக்கொண்டன என்று பாடநூல்கள் சொல்வதை நான் நம்பவில்லை. பீரங்கிதான் சேர்த்தது, பிறகு வந்தவர்கள் அதை விருப்பம் என்று எழுதிக்கொண்டார்கள். மறுப்பவர்கள் ஓர் எடுத்துக்காட்டாவது காட்டுங்கள்.

செப்டம்பர் 8

ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1603இல் இங்கிலாந்தின் எலிசபெத் அரசி வாரிசின்றி இறந்தபோது, ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் மன்னரே இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்தார். மன்னர் ஒருவர், நாடாளுமன்றங்கள் இரண்டு என்ற ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1690களின் இறுதியில் பனாமாவை ஒட்டிய டேரியன் என்னும் இடத்தில் குடியேற்றம் அமைக்க ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் சேமிப்பைக் கொட்டினார்கள். காய்ச்சலும் பட்டினியும் ஸ்பானியரின் முற்றுகையும் அதை அழித்தன. கையில் பணமில்லாத அந்த நேரத்தில், 1705இல், இங்கிலாந்து நாடாளுமன்றம் அயலார் சட்டத்தை இயற்றியது: ஒன்றிணைவுப் பேச்சுக்கு வராவிட்டால் ஸ்காட்லாந்தின் மாடுகளும் லினன் துணியும் நிலக்கரியும் இங்கிலாந்துச் சந்தைக்குள் வர முடியாது. 1707இல் ஒப்பந்தம் நிறைவேறியது. இங்கிலாந்தின் கடனில் இனி ஸ்காட்லாந்தும் பங்கேற்பதற்கு ஈடாக 3,98,085 பவுன் வழங்கப்பட்டது. அதில் ஒரு பகுதி டேரியன் முதலீட்டில் நட்டப்பட்டவர்களுக்குப் போனது.

இதில் பீரங்கி முழங்கவில்லை, பாசமும் பொங்கவில்லை. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஸ்காட்லாந்து தன் சட்டமுறையையும் நீதிமன்றங்களையும் திருச்சபையையும் விட்டுக்கொடுக்காமல் எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தது. படையெடுப்பில் தோற்றவர்களுக்கு இப்படி எழுதி வாங்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

செப்டம்பர் 9

இதற்குப் பெயர் பேரம் அல்ல, லஞ்சம் என்கிறார் ஒரு நண்பர். லஞ்சம் என்றே வைத்துக்கொள்ளலாம். 2014இல் ஸ்காட்லாந்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் பிரிய வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அவர்களில் எவரும் டேரியன் கடனை நினைத்து வாக்களித்திருக்க மாட்டார்கள். சேர்வதற்கான காரணம் ஒன்று, சேர்ந்த பின் நீடிப்பதற்கான காரணம் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இத்தகைய விவாதங்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன.

செப்டம்பர் 15

கோயம்புத்தூரிலிருந்து எழுதும் அம்மையார், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சந்தைதான், வணிகர்கள் எல்லைகளைத் தாங்க மாட்டாமல் நாடுகளைச் சேர்த்துவிடுகிறார்கள் என்கிறார். இதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

வணிகவரித்துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி சேப்பாக்கம் எழிலகத்துக் கோப்புகளோடு கழிந்தது என்றாலும், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு சோதனைச் சாவடியில் இருந்த காலம்தான் ஒரு நாட்டுக்குள் எல்லை எப்படி இயங்குகிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது. நள்ளிரவு தாண்டிய பிறகு கொல்கத்தாவிலிருந்து கொச்சிக்குப் போகும் லாரி வந்து நிற்கும். ஓட்டுநர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பில்லையும் சரக்குச் சீட்டையும் எடுத்துச் சன்னல் வழியே நீட்டுவார். சரக்கு தமிழ்நாட்டில் இறங்கப்போவதில்லை என்பதற்கு நாங்கள் டிரான்சிட் பாஸ் போட்டுத் தருவோம். அதை அவர் கேரள எல்லையிலுள்ள சாவடியில் ஒப்படைக்காவிட்டால் சரக்கு இங்கேயே விற்கப்பட்டதாகக் கருதி வரி விதிக்கப்படும். வரிசை நீண்டுவிட்ட இரவுகளில், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த மீன் லாரிகளின் அடியில் ஐஸ் கரைந்து தார்ச்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: இன்னும் எவ்வளவு நேரம்?

இந்தியா முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசமைப்பின் 301ஆம் உறுப்பு 1950 முதலே சொல்லிவருகிறது. அந்தச் சாவடிகள் மூடப்பட்டதோ ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையில்தான். ஆக இங்கே நாடு முதலில் வந்தது, ஒரே சந்தை அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து வந்தது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சாயர் என்று கும்பெனி ஆவணங்கள் குறிப்பிடும் உள்நாட்டுச் சுங்கம் சென்னை மாகாணத்தில் 1844இல் ஒழிக்கப்பட்டது. 1865இல் திருவிதாங்கூரும் கொச்சியும் பிரிட்டிஷ் இந்தியாவோடு வணிக உடன்பாடு செய்துகொண்டு தங்களுக்கிடையிலான சுங்கத் தடைகளைப் பெருமளவு நீக்கிக்கொண்டன. அதற்குப் பிறகு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்குத் தாராளமாகப் போய்வந்தும், 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கப்போவதாகத்தான் அறிவித்தது. சந்தை ஒன்றாக இருந்தது. நாடாக வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து தானாகப் பிறக்கவில்லை.

செப்டம்பர் 17

ஜெர்மனியின் சுங்கக் கூட்டணி இதற்கு விதிவிலக்கல்லவா என்று அம்மையார் கேட்கிறார். இல்லை, அம்மா. 1834 முதல் பிரஷ்யாவோடு ஒரே சுங்க வேலிக்குள் இருந்த பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பர்க் ஆகிய ஜெர்மன் அரசுகள் 1866 போரில் ஆஸ்திரியாவின் பக்கம் நின்று பிரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டன. முப்பது ஆண்டு கூட்டு வணிகம் அந்தப் போரைத் தடுக்கவில்லை.

செப்டம்பர் 29

அச்சம்தான் சேர்க்கிறது என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். வில்லியம் ரைக்கர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1964இல் முன்வைத்த வாதமும் ஏறக்குறைய இதுவே: வெளிப் பகைக்கு அஞ்சியோ வெளியே விரியும் வாய்ப்பை நாடியோ தலைவர்கள் பேரம் பேசிக் கூட்டாட்சி அமைக்கிறார்கள் என்றார் அவர்.

அச்சம் பல இடங்களில் இருந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவிட்சர்லாந்தைக் கவனியுங்கள். 1847 நவம்பரில் கத்தோலிக்க மாநிலங்களின் தனிக் கூட்டணிக்கும் மற்ற மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு மாதம்கூட நீடிக்காத அந்தப் போரில் இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். வென்ற பக்கத்தின் தளபதி டுஃபூர், காயம்பட்ட எதிரிகளைப் பேண வேண்டும் என்று தன் படைக்குக் கட்டளையிட்டவர். அடுத்த ஆண்டே, 1848இல், புதிய அரசமைப்பு வந்தது. தோற்ற மாநிலங்களுக்கும் வென்ற மாநிலங்களுக்கும் மேலவையில் சமமாக இரண்டிரண்டு இடங்கள் கொடுக்கப்பட்டன. பள்ளியும் திருச்சபையும் மாநிலங்களிடமே விடப்பட்டன. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று மூன்று மொழிகளும் தேசிய மொழிகள் என்று எழுதப்பட்டன. ரோமான்ஷ் 1938இல் நான்காவதாகச் சேர்ந்தது. வெளிப் பகையைவிட, வென்றவர்கள் தங்கள் வெற்றியை எந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதே அந்த நாட்டைக் கட்டியது என்று நான் கருதுகிறேன்.

சில இடங்களில் அச்சத்துக்குப் பதிலாக ஒரு ரயில் பாதையே போதுமானதாக இருந்திருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா 1871இல் கனடாவோடு சேர்ந்தது, பத்தாண்டுக்குள் கிழக்கிலிருந்து ரயில் பாதை வரும் என்ற எழுத்துவழி உறுதியின் பேரில். பாதை காலந்தாழ்ந்தபோது பிரிந்துபோவோம் என்ற குரல் அங்கே எழுந்தது. 1885இல் கடைசி ஆணி அறையப்பட்டதும் அது அடங்கியது.

அக்டோபர் 6

புதுக்கோட்டை சமஸ்தானம் படை கொண்டு பணிய வைக்கப்பட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. என் தாய்வழியினர் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், இராமநாதபுரம் ஆகிய பிரிட்டிஷ் மாவட்டங்கள் நாற்புறமும் சூழ, கடற்கரை இல்லாமல் இருந்த சமஸ்தானம் அது. கள்ளர் மரபைச் சேர்ந்த தொண்டைமான்கள் ஆண்டார்கள். அவர்களுடைய செப்புக் காசான அம்மன் காசு எங்கள் பாட்டியின் சுருக்குப் பையில் கடைசிவரை இருந்தது. என் சிறுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். தமிழ் பேசும் மக்களை ஆண்ட தமிழ் மன்னரின் காசில் தெலுங்கு எழுத்து இருப்பதில் அங்கே எவருக்கும் வியப்பு இருந்ததில்லை. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்கள் என்று பாட்டி சொல்வார்.

1947இல் இந்தியாவோடு இணையும் ஆவணத்தில் ராஜகோபாலத் தொண்டைமான் கையெழுத்திட்டார். அந்த ஆவணம் சமஸ்தானங்களிடமிருந்து கேட்டவை பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்று துறைகளை மட்டுமே. சில மாதங்களிலேயே அடுத்த படி வந்தது: 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் முழுவதுமாகச் சென்னை மாகாணத்தில் சேர்க்கப்பட்டுத் திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. துப்பாக்கி வெடிக்கவில்லை. 1974இல் தனி மாவட்டமானபோது தொண்டைமான்களின் புதிய அரண்மனையே ஆட்சியர் அலுவலகமாயிற்று. பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்க வருபவர்கள் இன்றும் அந்த வளைவுகளின் கீழேதான் காத்திருக்கிறார்கள்.

மூன்று துறைகள் என்று தொடங்கியது சில மாதங்களில் முழு இணைப்பாக மாறியதில் மன்னர்களுக்குக் கிடைத்தது என்ன? அரண்மனைச் செலவுக்கான மானியமும் பட்டங்களும். அதை அரசமைப்பின் 291, 362ஆம் உறுப்புகளே உறுதிசெய்தன. 1971இல் 26ஆம் திருத்தம் இரண்டையும் நீக்கியது. அரசமைப்பில் எழுதிய வாக்கு மீறப்பட்டது. ஆனாலும் புதுக்கோட்டையில் ஒரு கடைகூட மூடப்பட்டதாக என் வீட்டார் சொல்லிக் கேட்டதில்லை.

அக்டோபர் 7

நேற்று எழுதியதை இரவு முழுவதும் யோசித்தேன். வாக்கு மீறப்பட்டால் நாடு உடையும் என்ற எளிய விதி செல்லாது, புதுக்கோட்டையே சான்று. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: சேரும்போது கொடுத்த வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது? அது மீறப்பட்டால் கேட்டு வாங்கும் வழி அவர்கள் கையில் இருந்ததா? மன்னருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் இழப்பு மன்னருக்கு. அவருடைய குடிமக்களுக்கோ அதற்குள் வாக்குச் சீட்டும், தாங்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரும் கிடைத்துவிட்டார்கள். மக்களுக்குக் கொடுத்த வாக்கை மீறும்போது நடப்பது முற்றிலும் வேறு.

அக்டோபர் 13

எரித்திரியா. ஐக்கிய நாடுகள் அவையின் தீர்மானத்தின்படி 1952இல் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது. தனிச் சட்டமன்றமும் தனிக் கொடியும், திகிரிஞாவும் அரபும் ஆட்சிமொழிகள் என்ற நிலையும் அதற்கு இருந்தன. பத்தாண்டுக்குள் கொடி இறக்கப்பட்டது, மொழிகள் அகற்றப்பட்டு அம்ஹாரிக் வந்தது, 1962இல் கூட்டாட்சியே கலைக்கப்பட்டு எரித்திரியா ஒரு மாகாணமாக்கப்பட்டது. முறையிட நீதிமன்றமில்லை, தீர்மானம் போட்ட ஐ.நா. அவையும் தலையிடவில்லை. முப்பதாண்டுப் போருக்குப் பின் 1993இல் எரித்திரியா தனி நாடானது.

செக்கோஸ்லோவாக்கியாவில் இரத்தம் சிந்தப்படவில்லை, ஆனால் வேர் அதே இடத்தில்தான் இருக்கிறது. 1918 மே மாதம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் செக், ஸ்லோவாக் புலம்பெயர்ந்தோரும் பின்னாளில் அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான மசாரிக்கும் கையெழுத்திட்ட உடன்பாடு, ஸ்லோவாக்கியாவுக்குத் தனி நிர்வாகமும் தனிச் சட்டமன்றமும் தனி நீதிமன்றங்களும் உண்டு என்றது. 1920இல் வந்த அரசமைப்பு பிராகாவை மையமாகக் கொண்ட ஒற்றையாட்சியை அமைத்தது. அந்தக் காகிதத்தை ஸ்லோவாக் தேசியவாதிகள் இருபதாண்டுகள் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1993 ஜனவரி 1 அன்று அந்த நாடு இரண்டானதற்குப் பொருளாதாரமும் அப்போதைய தலைவர்களும் உடனடிக் காரணங்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் தொடக்கத்திலேயே உண்டான அந்தக் கசப்பு ஒருபோதும் முழுமையாக நீங்கவில்லை.

அக்டோபர் 20

கேள்வியைத் தொடங்கிய நண்பர், ஐதராபாத்தை நான் வேண்டுமென்றே தவிர்ப்பதாகக் குற்றஞ்சாட்டுகிறார். தவிர்க்கவில்லை, ஐயா. 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை நுழைந்தது, 17 அன்று நிஜாம் பணிந்தார். நிஜாமின் ஆட்சியை ஆதரித்த தன்னார்வப் படையினரான ரஜாக்கர்களின் வன்முறை அதற்கு முன் நடந்தது. படை நடவடிக்கையைத் தொடர்ந்து முஸ்லிம்கள் பெருமளவில் கொல்லப்பட்டதை அரசே அனுப்பிய சுந்தர்லால் குழு பதிவுசெய்தது. இது பீரங்கி சேர்த்த நிலம்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நம் விவாதத்துக்குத் தேவையான பகுதி அதற்குப் பிறகே வருகிறது. தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசும் பகுதிகள் கலந்திருந்த ஐதராபாத் மாநிலம் 1956இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. தெலங்கானா ஆந்திராவோடு சேர்ந்தது; சேர்வதற்கு முன் 1956 பிப்ரவரியில் இரு பகுதித் தலைவர்களும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். தெலங்கானாவின் வருவாய் மிச்சம் தெலங்கானாவுக்கே செலவிடப்படும், வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை, முதலமைச்சர் ஒரு பகுதியினர் என்றால் துணை முதலமைச்சர் மறு பகுதியினர் என்பவை அதிலிருந்த வாக்குறுதிகள். அதை நிறைவேற்ற வைக்கும் போதிய அதிகாரம் எவரிடமும் தரப்படவில்லை. 1969இல் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா தனி மாநிலமானது. ஒரே மொழி பேசிய இருவரை அந்த உடன்பாட்டால் சேர்த்து வைத்திருக்க முடியவில்லை. அதே சமயம், பீரங்கியால் இந்தியாவில் சேர்ந்த தெலங்கானா கேட்டது தனி மாநிலத்தை. தனி நாட்டை அல்ல. மொழி ஒன்றாக இருப்பது போதும் என்பவர்களும், பலத்தால் சேர்ந்தது நிலைக்காது என்பவர்களும் இந்த ஒரு வரலாற்றை விளக்கியாக வேண்டும்.

நைஜீரியாவைப் பற்றிக் கேட்டவருக்கு: 1914இல் பிரிட்டிஷ் ஆளுநர் லுகார்டு வடக்கையும் தெற்கையும் ஒன்றாக்கியதில் முதன்மையாக இருந்த காரணம், வடக்கின் பற்றாக்குறையைத் தெற்கின் சுங்க வருவாயால் ஈடுகட்டுவது. அங்கே யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கப்படவில்லை. பேரம் பேசாமலே ஒன்றாக்கப்பட்டவர்கள் விடுதலைக்குப் பிறகு பேரத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. 1967இல் அது, கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிய முயன்ற போரில் போய் முடிந்தது.

அக்டோபர் 27

சென்னையில் இருந்துகொண்டு சென்னையைப் பற்றி எழுதாமல் உலகைச் சுற்றுகிறேன் என்று இருவர் சொல்கிறார்கள். எழுதுகிறேன்.

மைலாப்பூரில் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் பொட்டி ஸ்ரீராமுலு நினைவு இல்லத்தைத் தாண்டித்தான் வாரந்தோறும் நூலகத்துக்குப் போகிறேன். ஆந்திரம் தனி மாநிலமாக வேண்டும் என்று 1952 அக்டோபர் 19 அன்று உண்ணாநோன்பைத் தொடங்கிய அவர் டிசம்பர் 15 இரவு உயிர் துறந்தார். ஆந்திரப் பகுதிகளில் கலவரம் மூண்டது. நான்கு நாட்களுக்குள் நேரு தனி மாநிலத்தை அறிவித்தார். சென்னை நகரம் யாருக்கு என்ற சண்டை இந்தத் தெருக்களில் நடந்தது. 1953 அக்டோபர் 1 அன்று கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது, மலபார் போனது. 1960இல் திருத்தணி வந்தது. மொழிவாரியாகப் பிரித்தால் நாடு சிதறிவிடும் என்று அன்று தில்லியில் பலர் அஞ்சினார்கள். நடந்தது நேர்மாறு. ஒரு மொழிக்காரர்கள் தங்கள் சட்டமன்றத்தில் தங்கள் மொழியில் பேச முடிந்த பிறகு, நாட்டின் பெரிய வட்டத்துக்குள் இருப்பது அவர்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமானது 1959 முதல் 1967 வரை நடந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று 1959 ஆகஸ்டில் நேரு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். அது ஒரு மனிதரின் வாய்ச்சொல். 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடரலாம் என்றது, தொடர வேண்டும் என்று சொல்லவில்லை. 1964இல் நேரு மறைந்தார். ஆங்கிலத்துக்கு அரசமைப்பு தந்த பதினைந்தாண்டு முடியும் 1965 ஜனவரி 26 நெருங்கியபோது தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பலர் உயிரிழந்தார்கள். 1967இல் திருத்தச் சட்டம் வந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமன்றமும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் போட்டு, அதன் பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று அது எழுதியது. சாவி சட்டமன்றங்களின் கையில் கொடுக்கப்பட்டது. அந்தச் சாவி இன்றும் கோட்டையில் இருக்கிறது.

திராவிட நாடு கோரிக்கையை தி.மு.க. கைவிட்டதற்கு 1962 சீனப் போரும், பிரிவினை பேசுவோரைத் தேர்தலிலிருந்து விலக்கிய 1963இன் 16ஆம் திருத்தமுமே காரணம் என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். 1967இல் அண்ணா தேர்தலில் வென்று முதலமைச்சரானார், 1969இல் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. கைவிட்ட கோரிக்கைக்கு ஈடாக ஒரு வழி திறந்திருந்தது என்பதுதான் மறுபாதி.

நவம்பர் 2

நேற்று புதுச்சேரியில் விடுதலை நாள். காரைக்கால் நண்பர் இதைச் சுட்டிக்காட்டி, எங்களை ஏன் மறந்தீர்கள் என்கிறார். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு பிரான்ஸ் ஒப்புதல் தந்து சட்டப்படி முழு மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும், அதை மாற்றுவதென்றால் மக்களின் விருப்பம் அறியப்படும் என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. அதனால்தான் தமிழ் பேசும் காரைக்காலும், கேரளத்துக்குள் இருக்கும் மாஹேயும், ஆந்திரத்துக்குள் இருக்கும் யானாமும் ஒன்றையொன்று தொடாமலே ஒரே சட்டமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்புகின்றன. நிலப்படத்தைப் பார்க்கிறவருக்கு இது பொருந்தாத அமைப்பாகத் தோன்றும். எழுதிக் கொடுத்த வாக்கு அது.

நவம்பர் 10

சிங்கப்பூர் பற்றி எழுதியவருக்கு ஒரு குறிப்பு. 1963 செப்டம்பர் 16 அன்று மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் சேர்ந்து மலேசியா ஆயின. சிங்கப்பூருக்கு உறுதிசெய்யப்பட்ட பொதுச் சந்தை உருவாகவே இல்லை. அரசியல் மோதலும் 1964 இனக் கலவரங்களும் சேர்ந்துகொள்ள, 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் விலகியது. சபாவும் சரவாக்கும் நீடிக்கின்றன, குடிவரவு அதிகாரத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு. கோலாலம்பூரிலிருந்து சரவாக்கின் கூச்சிங் விமான நிலையத்தில் இறங்கும் மலேசியரும் அங்கே அடையாள ஆவணத்தைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். தன் பகுதியிலிருந்து ஒன்றிய அரசு திரட்டும் வருவாயில் 40 விழுக்காடு என்ற ஒப்பந்த உரிமைக்காகச் சபா இன்னும் போராடுகிறது. தாங்கனிக்காவும் சான்சிபார் தீவும் சேர்ந்து உருவான டான்சானியாவிலும் இதே இழுபறிதான். 1964இல் ஒன்றியத்தின் அதிகாரப் பட்டியலில் இருந்தவை 11, இன்று 22. சான்சிபாரின் மனக்குறை அந்தப் பட்டியலின் நீளத்தில் தொடங்குகிறது. நம் நாட்டில் 1976இல் 42ஆம் திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது நெருக்கடி நிலையின்போது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அதே 42ஆம் திருத்தம் இன்னொன்றையும் செய்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழந்துவிடக் கூடாது என்பதற்காக, மக்களவையில் மாநிலங்களுக்கான இடங்களை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. 2001இல் நிறைவேறிய 84ஆம் திருத்தம் அதை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. தமிழ்நாட்டுக்கு 39, உத்தரப் பிரதேசத்துக்கு 80 என்று இன்று இருப்பது இதனால்தான். இது மக்களுக்குக் கொடுத்த வாக்கு. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஏற்று நடந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தது. கேட்டு வாங்கும் வழி எங்கே இருக்கிறது என்று தேடினால் எனக்குக் கவலைதான் மிஞ்சுகிறது. மாநிலங்களவையிலும் நமக்கு 18, உத்தரப் பிரதேசத்துக்கு 31. சுவிட்சர்லாந்தைப் போலச் சம இடங்கள் இல்லை. மாநில எல்லையையே நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம் என்கிறது மூன்றாம் உறுப்பு. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்த பிறகும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: ஆட்சிமொழிக்கு 1967இல் கிடைத்ததைப் போன்ற சாவி இதற்கும் வேண்டும். ஒரு மாநிலத்தின் மக்களவைப் பங்கைக் குறைக்கும் எந்தச் சட்டமும் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் தீர்மானமின்றி நடைமுறைக்கு வரக் கூடாது என்று அரசமைப்பில் எழுதப்பட வேண்டும். பெரிய மாநிலங்கள் இதை எப்படி ஏற்கும், அவர்களுடைய ஒரு வாக்குக்கு நம்முடைய ஒரு வாக்கைவிட மதிப்புக் குறைகிறதே என்ற அவர்களின் நியாயமான கேள்விக்கு என்ன ஈடு கொடுப்பது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்; ஸ்காட்லாந்துக்கு ஒரு தொகை, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு ஒரு ரயில் பாதை என்று ஈடில்லாத உடன்பாடு எதுவும் இல்லை. மாநிலங்களவை இடங்களைச் சமமாக்கிவிட்டு மக்களவையை மக்கள்தொகைக்கே விட்டுவிடலாம் என்று கோயம்புத்தூர் அம்மையார் எழுதியிருக்கும் யோசனை எனக்கு முதல் பார்வையில் பிடித்திருக்கிறது. ஆனால் பண மசோதாவில் மாநிலங்களவைக்கு அதிகாரமே இல்லாத நிலையில் அது எந்த அளவுக்கு உதவும் என்பதை அரசமைப்புச் சட்டம் படித்தவர்கள் யாராவது விளக்குங்கள்.